அப்பாவுக்கு என்று வாங்கிய பார்சல்கள்

எட்டாம் நாள் அப்பாவின் படத்துக்கு முன்னால் விரித்த வாழையிலையில் அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட பொருள் ஒன்றுகூட இருக்கவில்லை. கொத்து ரொட்டி இருந்தது. மீன் ரோல்ஸ், கட்லட், மஸ்கட் அல்வா, ஒரு கிண்ணம் நிறையத் தித்திப்பான வட்டிலப்பம் எல்லாம் இருந்தன. செத்தவர் உயிரோடு இருக்கும்போது விரும்பித் தின்றதை எட்டில் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைக் கொஞ்ச நேரம் சாத்தி வைப்பது எங்கள் வழக்கம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அந்த இலையில் இருந்ததெல்லாம் நான் தின்றவை. அப்பா வந்திருந்தால் பசியோடுதான் திரும்பிப் போயிருப்பார்.

என் கணவருக்குக் கட்டாரில் வேலை. முதலில் தினமும் போன் எடுத்தவர், பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுத்தார், பிறகு ஒரு வக்கீல் கடிதம் வந்தது. முப்பத்தாறு வயதில் இரண்டு சூட்கேசோடு திருகோணமலைக்கு, அப்பா வீட்டுக்கு, வந்து இறங்கினேன். அம்மா போய்ப் பல வருசம். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவர் ஒரு சொல் கேட்கவில்லை. குசினிக்குள் போய் உலையில் இன்னொரு சுண்டு அரிசி கூடப் போட்டார்.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. ஆனால் அவரைப் போல ஒழுங்கான நோயாளியைக் கிளினிக்கில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். காலையில் இடியப்பம் இரண்டு, மத்தியானம் சிவப்பரிசிச் சோறும் சூடைமீன் சொதியும் ஏதாவது ஒரு கீரையும். மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். பிளேன்ரீக்குச் சீனி போட்டுக் கொடுத்தால் முகத்தைச் சுளித்துத் திருப்பித் தருவார். இப்படிப்பட்ட மனிதரின் தலையில்தான் நான் என் வயிற்றைக் கட்டிவிட்டேன்.

எனக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நாலரைக்கு வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் வரும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் நடத்தினார், எல்லோருக்கும் அவர் நானா. முதல் நாள் ஒரு ரோல்ஸ் வாங்கினேன். அந்த மாசம் முடிவதற்குள் இரண்டு பார்சல் கொத்து, ஆறு ரோல்ஸ், வட்டிலப்பம் என்று ஆகிவிட்டது. கடையில் இருந்து நேரே கோட்டைக்குப் போகும் வழியில் கடற்கரை மதிலோரம் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் தின்று முடிப்பேன். ருசியெல்லாம் தெரியாது. விழுங்குகிற அவசரம் மட்டும்தான். வாய் நிறைய இருக்கும்போது தலைக்குள் ஓடுகிற கதை நிற்கும், அதற்காகத்தான் தின்றேன். தாளைக் கசக்கியதும் அந்தக் கதை முன்னையை விட உரத்துத் தொடங்கும். பிறகு வீட்டுக்குப் போய் "பசிக்கேல்லை அப்பா" என்று சொல்லிக்கொண்டு அவரோடும் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

"ஆருக்கு மிஸ் இவ்வளவும்?" என்று நானா ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டார். விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் பகிர்ந்துகொள்ள என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "அப்பாவுக்கு" என்பது.

"மாஷா அல்லாஹ், நல்ல சாப்பாட்டுக்காரர்" என்று நானா சிரித்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கு என்று ஒரு கரண்டி வட்டிலப்பம் கூட வைப்பார். எனக்கு அந்தப் பொய் செருப்புப் போலக் காலுக்குப் பழகிவிட்டது.

ஆறு மாதத்தில் சட்டைகளின் தையலைப் பிரித்துவிட்டேன். பிரிக்கத் தையல் இல்லாமல் போனதும் புதிதாகத் தைத்தேன். கண்ணாடி அலுமாரியை அறையின் மூலைக்குத் திருப்பி வைத்தேன். தெருவில் கண்டவர்கள் "அப்பாவின்ர கைச்சாப்பாடு ஒத்துக்கொண்டிட்டுது போல" என்று பகிடி விட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அறைக்குள் வந்து அழுதேன். அழுது முடிந்ததும் பசித்தது.

அந்தக் காலத்தில்தான் பார்சல்களுக்குள் புதிதாக ஒன்று வரத் தொடங்கியது. கொத்துக்கு மேல் சின்னப் பொலித்தீன் பையில் வல்லாரைச் சம்பல், பச்சைக் கீரையில் தேங்காய்ப்பூவும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்தது. கொத்துக்கு யார் வல்லாரைச் சம்பல் வைப்பார்கள்? நானாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன். கடற்கரை மதிலோரம் மான்கள் மேயும், எங்கள் ஊர் மான்களுக்கு மனிதர்களிடம் பயமில்லை. பையைக் கிழித்து ஒரு மானுக்கு முன்னால் கொட்டுவேன். மிளகாய் இருந்தாலும் அது மூச்சுவிடாமல் தின்னும். நாள் தவறாமல் வல்லாரை வந்தது. நாள் தவறாமல் மானுக்குக் கொடுத்தேன்.

அக்கா நிலாவெளியில் கலியாணம் கட்டிக் குடியிருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸேறி வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் துப்புரவாக்கிவிட்டுப் போவாள். அவளுக்கு அப்பாவில் உயிர். அப்படி ஒரு ஞாயிறு, கிணற்றடிக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்திருந்த உரப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வட்டிலப்பக் கிண்ணங்களும் எண்ணெய்த் தாள்களும். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே தின்றவற்றின் மிச்சம்.

"ஆர் இதெல்லாம் தின்னுறது?"

கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்தார்.

"நான்தான் பிள்ளை. வயசு போகப் போக வாய் கேக்குது."

அக்கா ஆடிப்போனாள். "கால் எடுக்கிற நிலைக்கு வரவேணுமெண்டு நிக்கிறியளே? சீனியோட விளையாடுறியளே?" என்று தொடங்கியவள் பஸ் நேரம் வரும்வரை நிறுத்தவில்லை. என்னையும் ஒரு பிடி பிடித்தாள்: "நீயும்தானே வாங்கிக் குடுக்கிறாய்!" அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அக்காவின் போன் வரும். "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒரு ரோல்ஸ் பிள்ளை, ஒண்டே ஒண்டு" என்பார். எப்படி இருந்தது என்று அவள் கிண்டலாகக் கேட்டால், "உள்ளுக்குச் சீனி கொஞ்சம் கூட" என்பார். ரோல்ஸுக்குள் சீனி! வாழ்நாளில் ஒன்று கடித்திருந்தால்தானே தெரியும். நான் அறைக்குள் இருந்து தலையணையில் முகத்தை அமத்திச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறையவேண்டும் போல இருக்கிறது. மறுமுனையில் அக்கா ஏசிக்கொண்டே போவாள். அப்பா "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று கேட்டு முடித்துப் போனை வைத்துவிட்டு, என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். என்னிடம் அதைப்பற்றி ஒரு நாளும் அவர் கதைத்ததில்லை. "இருந்து ஆறுதலாச் சாப்பிடு பிள்ளை" என்று மட்டும் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு. வயசும் எழுபத்தாறு. ஆனால் செத்த வீட்டில் ஆள் மாறி ஆள் ஒரே கதைதான்: "நாக்கை அடக்கியிருந்தால் இன்னும் பத்து வருசம் இருந்திருப்பார்." அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள். பாடையில் கிடந்தவர் மெலிந்து, ஒட்டிய கன்னத்தோடு கிடந்தார். பக்கத்தில் நான் வீங்கிப்போய் இருந்தேன். கண் உள்ள யாருக்கும் விளங்கியிருக்கவேண்டும். ஒருவருக்கும் விளங்கவில்லை.

எட்டன்று படையலுக்கு அக்கா தேடித் தேடி எல்லாம் வாங்கினாள். "உயிரோட இருக்கேக்க சாப்பிட விடேல்லை, இப்பவாவது சாப்பிடட்டும்" என்றாள். வட்டிலப்பம் நானாவே கொண்டுவந்தார். கூடவே ஒரு சின்னப் பொலித்தீன் பை.

"இதையும் வையுங்கோ மிஸ். ஐயா ஆசையாக் கேட்டது."

வல்லாரைச் சம்பல்.

"எப்ப கேட்டவர்?" என்றேன்.

"போன வருசம் ஒருநாள் நடந்தே கடைக்கு வந்தவர். உங்கட அப்பா எண்டு தெரிஞ்சதும், மகள் வாங்கிற பார்சல் எல்லாம் பிடிச்சிருக்கோ எண்டு கேட்டனான். என்ர பார்சல் எல்லாத்துக்கும் வல்லாரைச் சம்பல் வையுங்கோ, அது இல்லாமல் குடுத்துவிடாதேயுங்கோ எண்டவர். நல்லதுதானே, உடம்புக்கு ஏதாவது பச்சை போகவேணும் எண்டும் சொன்னவர்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னை நிறுத்த ஏலாது என்றும் தெரிந்திருக்கிறது. அதனால் தன்னால் முடிந்த ஒரு பிடி கீரையை அந்தப் பொய்க்குள் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் அதை மானுக்குப் போட்டேன்.

அன்றைக்காவது அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். படையல் கலைத்து அவள் என் தட்டில் கொத்தை வைத்தபோது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் இல்லை. இலையில் வைக்காமல் எடுத்துவைத்திருந்த வல்லாரையை மட்டும் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் நானே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் அம்மாவிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அவர் தராசில் ஏறச் சொல்லவில்லை. எதையும் ஒதுக்கச் சொல்லவும் இல்லை. "ஒரு நேரச் சாப்பாட்டையும் விடாதேயுங்கோ. பட்டினி கிடந்தால் பின்னேரம் அது வட்டியோட கேக்கும். விரதம் இப்போதைக்கு வேண்டாம்" என்றார். கேட்க லேசாக இருந்தது. காலையில் பசியில்லாமல் இரண்டு இடியப்பத்தை மெல்லுவது எனக்கு மலையாக இருந்தது. மூன்று முறை மதிலடிக்குத் திரும்பிப் போனேன். மூன்று முறையும் மறுநாள் காலை இடியப்பத்துக்குத் திரும்பி வந்தேன். ஒரு வருசத்தில் அந்த வெறி அடங்கியது. உடம்பு பெரிதாக இறங்கவில்லை. "வைத்தியம் செய்யுறாய் எண்டாங்கள், இன்னும் அப்பிடியேதானே நிக்கிறாய்" என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? இறங்கவேண்டியது உள்ளே இருந்தது.

அப்பா போய் ஒரு வருசத்தில் செய்கிற ஆட்டைத் திவசம் முடிந்து முதல் ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். மத்தியானம் படைத்த பிறகுதான் வாயில் ஏதும் படலாம். அக்கா கடலில் தீர்த்தமாடிவிட்டு ஈரத் தலையோடு காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். நான் மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பாவுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால வாயைக் கட்ட ஏலாதே? அவரும் கட்டேல்லை, நீயும் கட்டேல்லை."

"அவர் கட்டினவர் அக்கா," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடை, மதில், உரப்பை, வல்லாரை, டொக்டர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. என் தட்டில் இடியப்பம் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கதிரையின் நுனியில் இருந்து கேட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"கடைசி நாளும் ஏசினனான்," என்றாள். "திங்கட்கிழமை. போனை வைக்கேக்க, 'செத்துத்தான் திருந்துவியள்' எண்டு சொன்னனான். அதுக்கும் ஓம் பிள்ளை எண்டவர்."

மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எழுந்து குசினிக்குள் போய், கொண்டுவந்த மரக்கறிகளை வெட்டிச் சமைத்து, அப்பாவுக்குப் படைத்தாள். இலையில் கீரை வைத்தாள், சொதி வைத்தாள். என்னோடு ஒரு சொல் கதைக்காமல் இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

மூன்று கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் எடுத்தாலும் பதில் இல்லை. முதலில் பொய்யாலும் பிறகு உண்மையாலும் அப்பாவை அவளிடமிருந்து இரண்டு தரம் பறித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நாட்களில் மதிலடி என்னை இழுக்காமல் இல்லை. ஆனாலும் மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், போன் அடித்தது.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" என்றாள் அக்கா. எடுத்த எடுப்பில், அப்பாவிடம் கேட்பது போலவே.

"காலமை ரெண்டு இடியப்பம். மத்தியானம் சோறு, சூடைமீன் சொதி, வல்லாரை. பின்னேரம் நானாட கடையில ஒரு ரோல்ஸ். கடைக்குள்ளேயே இருந்து சாப்பிட்டனான்."

ஏச்சுக்காகக் காத்திருந்தேன்.

"ரோல்ஸுக்குள்ள சீனி இருந்ததே?"

"இல்லை அக்கா. உறைப்புத்தான்."

"அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்க வேணும்," என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவள் அழுது முடிக்கும் வரை நான் போனை வைக்கவில்லை.