பரவால்ல என்றால் எந்தக் கட்டம்?

செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. சிதம்பரம் கீழவீதியில் எங்கள் பல் கிளினிக்கின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். செல்போனில் சாமுவேல் அண்ணன் பெயர் தெரிந்தது. ஜெயசீலியின் கணவர் எனக்கு ஃபோன் செய்கிற ஆளே இல்லை. "மங்கை, சீலி போயிட்டாம்மா," என்றார். எங்கே அண்ணே போயிருக்கா என்று கேட்டேன். அவ்வளவு மக்கு நான்.

கடலூர் மஞ்சக்குப்பம் கிளையில் பல் காட்டிய உங்களுக்கெல்லாம் அவள் டாக்டரம்மா. எனக்கு சீலி. இருவருக்கும் ஒரே வயது, வாடி போடி என்றுதான் பேச்சு. இந்த அஞ்சலியில் 'அவர்' என்று எழுதினால், யாருடி அந்தப் பெரிய மனுஷி என்று அவளே கேட்பாள். நான் பல் மருத்துவம் படித்தவள் இல்லை. புள்ளியியல் படித்துவிட்டு, அதே நிறுவனத்தின் சிதம்பரம் கிளையில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

எங்களைச் சேர்த்தது ஓர் ஆய்வு. தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன்மேல் பல் கட்டுகிற இம்ப்ளான்ட் அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. ஜனங்கள் அதை 'ஸ்க்ரூ பல்லு' என்பார்கள். அதை வைத்துக்கொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள், அவர்களுக்குத் திருப்தியா என்று சில வருடங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும். புதிதாக எதுவும் செய்யக் கூடாது. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், எழுத வேண்டும், அவ்வளவுதான். படிவத்தை நான்தான் தயாரித்தேன். கடைசிக் கேள்விக்கு இரண்டு கட்டங்கள்: திருப்தி, திருப்தி இல்லை. இரண்டாவதில் டிக் விழுந்தால் எக்ஸ்ரே. முதலாவதில் விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். எல்லோரையும் எதற்கு எக்ஸ்ரேக்கு இழுத்தடிக்க வேண்டும் என்று யோசனை சொன்ன புத்திசாலியும் நான்தான்.

ஆனால் எங்கள் ஊரில் எவர் வாயிலிருந்தும் 'திருப்தி' என்ற சொல் வரவில்லை. எப்படி இருக்கு என்று கேட்டால் 'பரவால்லைங்க' என்பார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கும் அதே பதில், காய்ச்சலுக்கும் அதே பதில். எழவு வீட்டில் கேட்டாலும் அதேதான். முதல் கட்டுப் படிவங்களைப் புரட்டிய சீலி பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி, பரவால்லன்னா எந்தக் கட்டம்?"

"திருப்திதான். வேற என்னா?"

"எனக்கு என்னமோ சரியாப் படல."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தேவனாம்பட்டினத்துக் கோவிந்தசாமி அண்ணன் மூன்றாவது முறையாக வந்த அன்று நான் கடலூரில் இருந்தேன். சுனாமி வந்த காலையில் படகு திரும்பி அடித்து, வலப்பக்கப் பற்களைப் பறிகொடுத்தவர். அந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ வைத்திருந்தோம். பல்லு எப்படி இருக்கு என்றேன். "பரவால்லம்மா," என்றார். வலி? "வலிலாம் ஒண்ணுங் கெடையாது." டிக் போட்டுவிட்டேன். அவர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சீலி மேஜைமேல் இருந்த பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். வறுத்த வேர்க்கடலை. அவளுக்குத் தீனிப் பழக்கம் ஜாஸ்தி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றபடியே மென்றார்.

"அண்ணே, எல்லாத்தையும் எடப்பக்கமே தள்ளுறீங்களே?"

"அந்தப் பக்கம் பழக்கம் விட்டுப்போச்சு டாக்டரம்மா."

"எத்தினி நாளா?"

"அது ஆச்சு, ஆறேழு மாசம்."

அவரை மறுபடி நாற்காலியில் சாய்த்து, வாய்க்கண்ணாடியின் பின்பக்கத்தால் அந்தப் பல்லைத் தட்டினாள். எலும்பில் நன்றாகப் பிடித்த இம்ப்ளான்ட்டைத் தட்டினால் கண்ணாடி டம்ளரைத் தட்டியதுபோலக் கணீரென்று கேட்கும். இது ஊறிய கட்டையைத் தட்டியது போலக் கேட்டது. ஈறை லேசாக அழுத்தினாள். வந்த வாடையில் நான் ஓரடி பின்வாங்கினேன். எக்ஸ்ரே படத்தில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாக எலும்பு தெரிய வேண்டிய இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"வலிச்சிருந்தா எப்பவோ ஓடி வந்திருப்பாரு," என்றாள், படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. "இது வலிக்காமத் தின்னுதுடி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்த மாதிரி எத்தினி பரவால்லய நீ திருப்தின்னு எழுதியிருக்க?"

எனக்குத் தெரியவில்லை. யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்று நான் எழுதி வைக்கவே இல்லை. டிக் மட்டும்தான் இருந்தது. பீரோ நிறைய என் அழகான டிக். அன்றைக்கு அந்த பீரோவைத் திறந்து அப்படியே மூடினேன். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு ஆளின் வாயிலும், அவரவர் வீட்டில் சோறு தின்று தூங்கி எழுகிற நேரமெல்லாம், என்ன நடந்துகொண்டிருக்கிறதோ! எதுவுமே நடக்காமலும் இருக்கலாம். தெரியாததுதான் பயமாக இருந்தது.

நிறுவன உரிமையாளர் எல்லோரையும் திரும்ப அழைக்கத் தயங்கினார். "நல்லாருக்குன்னு அவுங்களே சொல்லியிருக்காங்க. அப்புறம் என்னா டாக்டர்?"

"அவுங்க சொல்லல சார். நாங்க எழுதிக்கிட்டோம்," என்றாள் சீலி. 'மங்கை எழுதினாள்' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அன்றே வேலையை விட்டிருப்பேன்.

கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க அலைந்தோம். ஸ்ரீமுஷ்ணம், கம்மாபுரம் என்று ஃபோன் இல்லாதவர்களைத் தேடி வீடு வீடாகப் போனோம். கதவைத் திறந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பல் பளிச்சென்றுதான் இருந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்பட முடியவில்லை. கிளினிக்குக்கு வரவழைத்துப் படம் எடுத்துப் பார்த்ததில் பலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு ஆரம்ப நிலை, சுத்தம் செய்து காப்பாற்ற முடிந்தது. சிலருக்கு நாங்கள் போனது லேட். கோவிந்தசாமி அண்ணனின் இரண்டு ஸ்க்ரூவும் பெரிய முயற்சி எதுவும் இல்லாமலே கழன்று வந்தன. ரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர்தான் எங்களைத் தேற்றினார்: "பரவால்ல வுடுங்க டாக்டரம்மா." சீலி வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாள் படிவத்தின் அடியில் அவளே பேனாவால் ஒரு வரி எழுதினாள். 'பரவால்ல என்றால் எழுந்து போகாதே. எதுக்குப் பரவால்ல என்று கேள்.' இரண்டு கிளையிலும் அதைத்தான் நகலெடுத்து வைத்துக்கொண்டோம். கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் ஜனங்கள் வாயைத் திறக்கிறார்கள். ஒரு வயதான அம்மா அரை மணி நேரம் பேசினார். பாதி மருமகளைப் பற்றி, மீதி பல்லைப் பற்றி. எல்லாத்தையும் எழுதுடி என்று என்னைக் கிள்ளினாள் சீலி.

போன தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் கடலூர் போயிருந்தேன். பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். அவள் ஒரு கடலைகூட எடுக்கவில்லை. புடவை தோளில் நிற்காமல் வழிந்தது. "என்னாடி, டயட்டா? பொறாமையா இருக்கு," என்றேன். சிரித்தாள். யார் எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள் என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் எதிரே எதையுமே மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கடலையைத் தின்றுவிட்டு பஸ் பிடித்தேன்.

பிறகு அந்த வருடக் கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல். கடலூரே தரைமட்டம், வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எப்படியோ லைன் கிடைத்து, எப்படிடி இருக்க என்று கத்தினேன். "பரவால்லடி," என்றாள். அந்த வாரம் கடலூரில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிவமெல்லாம் நனைந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்பாடா என்று வைத்துவிட்டேன்.

கணையத்தில் கட்டி. புயலுக்கு முன்பே அவளுக்குத் தெரியும் என்று அடக்கத்தன்று சாமுவேல் அண்ணன் சொன்னார். "உன்கிட்டயாச்சும் சொல்லுன்னேன். அவ கேட்டா சொல்றேன்னுட்டா." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏண்டி சீலி, ஊரையே கேட்க வைத்தாயே, என்னிடம் மட்டும் கேட்காமலே சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் இன்னும் தீரவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அவள் சாமான்களில், நினைவாக எதையாவது எடுத்துக்கொள் என்றார்கள். பாட்டிலைத் தொட முடியவில்லை. அவள் கையெழுத்து இருந்த அந்த முதல் படிவத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன். அதுதான் என்னிடம் இருக்கிறது, அதில் உள்ள கேள்வியும்.

கிளம்பும்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார் சாமுவேல் அண்ணன்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"பரவால்லம்மா. நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

பையைக் கீழே வைத்தேன். அடுக்கியதில் ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தேன்.

"எதுக்குப் பரவால்லண்ணே?"

அவர் கையிலிருந்த நாற்காலியை அப்படியே இறக்கினார்.

"ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கலம்மா," என்றார்.