பச்சை லாரியின் பூர்வீகம்

லாரிக் கதவின் பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக என் காலில் உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம், மூக்கு முழுக்கத் தூசு. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மாமனார், "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க மாப்ள, கவர்னர் முத்திரை வந்துரும்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதைவிட மோசமாக எவனும் கழிக்க முடியாது என்று அன்று நினைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

மாமனார் காலமெல்லாம் ஐஸ் ஏற்றியவர். முதலில் கடலோரக் குப்பங்களுக்கு, பிறகு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு. எல்லாம் ஒரே லாரியில்தான். வாலிப வயதில் அதைக் காயலான் கடையில் வாங்கியபோது, கடைக்காரர் சும்மா இருக்காமல் "பிரெஞ்சுக்காரன் காலத்துல கவர்னர் வீட்டு சாமான் ஏத்துன வண்டி" என்று சொல்லிவிட்டார். போதாதா? அந்த ஒரு வரியை வைத்தே ஐம்பது வருடம் ஓட்டினார் மனிதர். முதலில் கவர்னர் வீட்டு நாற்காலி ஏறியது, அப்புறம் பியானோ ஏறியது, நான் மருமகனாக வந்த வருடம் கவர்னரே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முத்தியால்பேட்டையில் நடந்த தன் கல்யாணத்துக்குக் கார் வேண்டாம் என்று சொல்லி, மாலையும் கழுத்துமாக அவரே லாரியை ஓட்டிப் பெண்ணை அழைத்து வந்தாராம். அத்தை, அதாவது என் மாமியார், இதைக் கேட்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

வண்டியை நிறுத்தி வெகுநாள் ஆன பிறகு, கடற்கரைச் சாலையில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. மாமனாருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. "ஊரே பாக்க ஒருதரம் பீச் ரோட்ல ஓட்டிட்டா போதும் மாப்ள. அப்புறம் எடைக்குப் போட்டாலும் கவல இல்ல" என்றார். ஆனால் விண்ணப்பத்தில் சேசிஸ் எண், முதல் நிறம், யாரிடம் ஓடியது, எல்லாம் கேட்டிருந்தார்கள். பூர்வீகம் தெரியாத வண்டிக்கு அங்கே இடமில்லை.

சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முந்தின நாள் லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார், பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே. சுரண்டினால் வண்டியின் ராசி போய்விடும் என்பது அவர் கட்சி. சேசிஸ் எண் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் அடியில் சமாதியாகியிருந்தது. கதவோ பெயிண்டாலேயே ஒரு விரல் பருமன். கடைசியில் கவர்னர் மேல் பாரத்தைப் போட்டு என்னைச் சுரண்டச் சொன்னார். டீ கொண்டுவந்த அத்தை மட்டும், "எதுக்குங்க இந்த வேலை? இருக்கறது இருக்கட்டுமே" என்றார். யார் கேட்டோம்?

பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சாம்பல் நிறம், அதன் மேல் வெள்ளையில் பிரெஞ்சு எழுத்துகள். மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். அடுத்த தெருவில் குடியிருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் பெரியவரை நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "வுவாரின்னு போட்டுகீது மிசியே. தெரு, சாக்கடை பாக்குற டிபார்ட்மென்ட். இது குப்பை லாரி."

மாமனார் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவி நான், கொஞ்சம் மெதுவாகத் தேய்த்திருக்கக் கூடாதா? விண்ணப்பத்தில் பொய்யே எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டில் அத்தைதான் பேச்செடுத்தார். "எனக்கு அப்பவே தெரியுங்க."

"இன்னா தெரியும்?"

"குப்பை லாரின்னு. சின்ன வயசுல எங்க தெருவுக்கு நித்தம் வருமே. முன்னாடி மட்கார்டு நசுங்கிக் கெடக்குதே, அது எங்க வீட்டாண்ட கம்பத்துல இடிச்சது. கல்யாணத்தன்னிக்குப் பாத்ததுமே கண்டுக்கினேன்."

மாமனாரின் கை சோற்றிலேயே நின்றது. "தெரிஞ்சேவா ஏறுனே?"

"வண்டியப் பாத்தா ஏறுனேன்? ஓட்டிக்கினு வந்தவரப் பாத்து ஏறுனேன். ரசம் ஊத்தட்டுமா?"

அவர் ரசம் ஊற்றிக்கொண்டார், இரண்டு கரண்டி. கை கழுவிவிட்டு வந்து, "மாப்ள, அந்த ஃபாரத்த எடுங்க. குப்பை லாரின்னே எழுதுங்க, கொட்டை எழுத்துல" என்றார். சந்தனத்தையும் குங்குமத்தையும் கழுவி, சேசிஸ் எண்ணையும் எடுத்து எழுதினேன்.

அணிவகுப்பு அன்று பளபளக்கும் கார்களுக்கு நடுவே, பாதி சுரண்டிய கதவோடு எங்கள் லாரி நின்றது. ஸ்டியரிங்கில் வெள்ளை வேட்டியில் மாமனார், பக்கத்தில் பட்டுப்புடவையில் அத்தை. கேமராவோடு வந்த ஒரு இளைஞன் கதவிலிருந்த பிரெஞ்சு எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல கவர்னருங்க யாராச்சும் போயிருக்காங்களா?" என்று கேட்டான். நான் அவசரமாக மாமனாரைப் பார்த்தேன். ஐம்பது வருடப் பழக்கம் அல்லவா?

மாமனார் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். "அவங்களுக்கெல்லாம் குடுத்துவைக்கலப்பா" என்று அத்தையைக் காட்டினார். "இவங்க ஏறுனாங்க."