மச்சாளும் அம்மாவும் ஒரு பட்மின்டன் மட்டையும்

மச்சாளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, வவுனியாவில் ஓர் உள்ளரங்கின் படிகளில் அம்மா என் அண்ணனின் கைக்குழந்தையோடு இருந்த காட்சிதான். கீழே அண்ணனின் மனைவி, என் மச்சாள், மாகாண இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். குழந்தை வீரிட்டு அழுதது. மச்சாளின் கண் ஒரு கணம் மேலே வந்து போனது. அந்தக் கணத்தில் ஒரு புள்ளியும் போனது. அம்மா எழுந்து நின்று, "இஞ்ச பாராதை பிள்ளை, அங்க பார்" என்றார். பிறகு குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போய் மர நிழலில் உலாத்தினார். மருமகள் வென்றதை அவர் பார்க்கவில்லை, கைதட்டல் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மச்சாள் மல்லாவியில் பிறந்தவர். பாடசாலை மைதானத்தில், திறந்த வெளியில் பட்மின்டன் பழகியவர். உயர அடித்தால் பந்தைக் காற்று கொண்டுபோய்விடும் என்பதால் வலையை உரசிக்கொண்டு போகும்படி தாழ்வாகவே அடிப்பார். பிற்காலத்தில் கொழும்பு அரங்குகளில் அவருக்கு எதிரே நின்றவர்கள் அந்த அடிக்குத்தான் தடுமாறினார்கள். பரந்தனில் எங்கள் வீட்டுக்கு அவர் மருமகளாக வந்தபோது, அதோடு விளையாட்டு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். அவரும் மட்டையைச் சீலைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

அதைக் கீழே இறக்கியவர் அம்மா. குழந்தை பிறந்த சில மாதங்களின் பின், ஒருநாள் குசினியில் அகப்பையைப் பிடித்திருந்த மச்சாளின் மணிக்கட்டு தன்பாட்டில் சுழல்வதை அவர் கண்டிருக்கிறார். "அகப்பையால எவ்வளவு காலத்துக்கு அடிப்பாய்? பிள்ளையை நான் பாக்கிறன், நீ போ" என்றார். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு விளையாடப் போகிறாள் என்று உறவுக்குள் கதை எழுந்தபோதும் அம்மாதான் பதில் சொன்னார்: "பிள்ளை என்னட்டை இருக்குது. உங்களிட்டைத் தந்தவளோ?"

வவுனியா வெற்றிக்குப் பிறகு மச்சாள் சில ஆண்டுகள் நன்றாக ஆடினார். கடைசி ஆட்டம் கொழும்பில், தேசிய அரையிறுதி. முன்னிலையில் இருந்தவர் பின்னோக்கிப் பாய்ந்து இறங்கியபோது முழங்கால் திரும்பிவிட்டது. மட்டையை ஊன்றி எழும்பி, அடுத்த பந்தைப் போட ஆயத்தமானார். அம்மா படிகளில் இறங்கிக் களத்தின் ஓரத்துக்கு வந்து, "காணும் பிள்ளை. வீட்டை போவம்" என்றார். அங்கே மச்சாள் அழவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில்தான், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அம்மா அந்த வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மச்சாளால் நடக்க முடிந்தது. பாய முடியவில்லை. நெடுங்காலம் பட்மின்டன் பற்றிய பேச்சு வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

போன வருடம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அவர் தொடவேயில்லை. "இந்தக் கை இனி என்னத்துக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். எங்கள் யாருடைய சொல்லும் எடுபடவில்லை. ஒருநாள் காலை மச்சாள் அம்மாவை முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, அந்தக் கையில் மட்டையைக் கொடுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டிருக்கிறார். எறிந்த பந்துகளெல்லாம் நிலத்தில் விழுந்தன. மடங்க மறுக்கும் முழங்காலோடு குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கி, திரும்பவும் எறிந்தார். மறுநாளும் எறிந்தார். அம்மா ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று அண்ணன் சொன்னார்.

சென்ற கிழமை நான் போனபோது இருவரும் முற்றத்தில் இருந்தார்கள். அம்மாவின் மட்டையில் பந்து இப்போது படுகிறது. மச்சாள் பஞ்சுபோல எறிவதைப் பார்த்து அம்மா முகத்தைச் சுளித்தார்.

"மெல்லமாப் போடாதை. நான் என்ன சின்னப்பிள்ளையே?"

மச்சாள் சிரித்துக்கொண்டே தன் மட்டையை எடுத்துத் தாழ்வாக ஒன்று அடித்தார். அம்மாவின் கை எழுந்தது. பந்து மச்சாளின் தலைக்கு மேலால் போய் வேலியோரம் விழுந்தது. பாய முடியாமல் மச்சாள் நின்ற இடத்திலேயே நின்று அதைப் பார்த்தார்.

"நல்ல அடி மாமி" என்றார்.

"ஓம்" என்றார் அம்மா. "போய் எடுத்துக்கொண்டு வா."