மலையக்காவின் செங்கல் பை

"வழியை விடுங்கண்ணே, கயிலாயத்துக்கு நேரமாச்சு" என்று முதுகில் செங்கல் பையோடு மூன்றாவது மாடித் திருப்பத்தில் நிற்கிறார் மலையக்கா. நான் சுவரோரம் ஒதுங்குகிறேன். இந்தக் கட்டடத்தில் நான் ஒதுங்கி வழிவிடுவது இவர் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எனக்கு விடுவார்கள். ஏனென்றால் கட்டியவன் நான். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், கலவை சுமந்து, கரண்டி பிடித்து, பிறகு சொந்தமாக எழுப்பிய நான்கு மாடி இது. இன்றுவரை சுவரில் ஒரு விரிசலைக் காட்டட்டும் பார்க்கலாம், யாராவது.

அவர் முதுகில் கனப்பதும் என் செங்கல்தான். மொட்டைமாடியில் மிச்சம் கிடந்ததை, "சும்மாதானே தூங்குது, நான் நாலு இடம் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய கம்பளித் துணியில் சுற்றிப் பையில் அடுக்கி, காலையில் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே நடப்பார். எத்தனை தடவை ஆயிற்று என்று கேட்டால், "நான் எண்ணினா முட்டியும் எண்ண ஆரம்பிச்சிடும்" என்பார்.

ஆள் குள்ளம். நரைத்த முடியைக் கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டியிருப்பார். புடவைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் காலணி. கழுத்தில் தாலிக்குப் பக்கத்திலேயே ஒரு விசில் தொங்கும். இமயமலைக்கு யாத்திரை கூட்டிப்போவது அவர் தொழில், அதனால் ஊருக்கே அவர் மலையக்கா. பனிமூட்டத்தில் ஆள் பிரிந்துவிட்டால் ஊதுவதற்கு அந்த விசில். இங்கே அதை ஊதுவது, டீக்கடைக்காரர் நான்காவது மாடியை மறந்துவிடும்போது மட்டும்.

வாடகைக்கு வந்த அன்றே தரைத்தளத்தில் நல்ல அறையாகக் காட்டினேன். நுழைந்ததும் வாடிக்கையாளர் கண்ணில் படும், வாடகையும் அதேதான். "வேண்டாம்ணே, எனக்கு உச்சியிலதான் வேணும்" என்றார். வியாபாரம் தெரியாத பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஆள் பார்ப்பதில் நான் தவறியது அபூர்வம். அது அந்த அபூர்வத்தில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அலுவலகங்கள் பூட்டியிருக்கும். அன்றைக்குத்தான் மலைக்கு வர விரும்புகிறவர்களை வரச்சொல்வார். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு பலகையை அவரே மாட்டிவிடுவார். லிஃப்டுக்கு ஒரு கேடும் இல்லை. மாதாமாதம் பராமரிப்பவன் நான், எனக்குத் தெரியாதா? கீழே வந்து நிற்பவர் ஃபோன் செய்வார். "லிஃப்ட் வேலை செய்யலைங்க. பேசிக்கிட்டே ஏறி வாங்க. உங்களுக்குப் பசங்க எத்தனை? மருமக எப்படி?" என்று ஆரம்பிப்பார் அக்கா. மருமகளைப் பற்றிக் கேட்டால் யாரும் சுருக்கமாக முடிப்பதில்லை. ஃபோனில் மூச்சைக் கேட்டுக்கொண்டே, படிக்கட்டின் தலைமாட்டில் நின்று காலடியையும் கேட்பார். மேலே வந்து சேர்வதற்குள் அந்த ஆள் மலைக்குப் போகிறாரா வீட்டுக்குப் போகிறாரா என்பது முடிவாகியிருக்கும். டாக்டர் சான்றிதழெல்லாம் அதற்குப் பிறகு. "தினமும் நடக்கிறேன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. பொய் சொல்றதுக்கும் மூச்சு வேணும்ல?"

ஒரு தடவை துணிக்கடை முதலாளி ஒருவர், இரண்டாவது மாடியிலேயே மருமகள் கதை நின்றுபோனவர், வேண்டாம் என்றதும் குதித்தார். "நான் யார் தெரியுமா?" என்றார். "எனக்குத் தெரியுங்க, மலைக்குத்தான் தெரியாது" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினார் அக்கா. இறங்கும்போது லிஃப்டில் போகச் சொன்னார். அதில்தான் அந்த மனிதருக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

அறைக்குள் நுழைந்தால் கம்பளி வாசனை. ஒரு சுவர் முழுக்க மலைப்பாதையின் படம். மூலையில் பிராணவாயு உருளைகள், கொடியில் காயும் மழைக்கோட்டுகள். அனுமதிச் சீட்டு, விமானம், தங்குமிடம் எல்லாவற்றையும் அக்காவின் மருமகள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறாள். இருவருக்கும் நாள் முழுக்கச் சண்டை. "அத்தை, ஒருத்தருக்கு ஒரு பைதான்னு சொல்லுங்க." "சொன்னேன்டி. ஒரு பைக்குள்ள மூணு பை வெச்சுக் கொண்டு வர்றாங்க."

புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் படத்தில் விரல் வைத்து வழி சொல்வார். இந்த வளைவில் கல் உருளும், இங்கே ஆற்றைத் தாண்டும்போது காலணியைக் கழற்றாதே, இந்தக் கணவாயில் நின்று படம் எடுக்காதே, காற்று ஆளைத் தள்ளும். கேட்கிறவனுக்கு உள்ளங்கால் சில்லிட்டுப்போகும். ஆனால் மலையைச் சுற்றிவரும் அந்தப் பாதையில் அக்கா ஒரு முறைகூட நடந்தது கிடையாது. வருஷா வருஷம் கூட்டிப்போய்விட்டு அடிவாரத்து ஊரிலேயே உட்கார்ந்துவிடுவார். "பொய் இல்லண்ணே, கேள்வி ஞானம்" என்று சிரிப்பார்.

காரணம், அவருடைய சொந்தச் சட்டம் ஒன்று. அவ்வளவு தூரம் போன பிறகு யாராவது ஒருவருக்கு நடக்க முடியாமல் போகும். அவரை அடிவாரத்து விடுதியில் தனியே விடக்கூடாது. "அந்த உயரத்துல ஒருத்தர் தலை வலிக்குதுன்னா, அது வெறும் தலைவலியா, மலை கொடுக்கிற வலியான்னு தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும்" என்பார். தெரிந்தவர் அவர்தான். வழிகாட்டி மற்றவர்களோடு போய்விடுவார். அவர்கள் மூக்கு உரிந்து, கண் சிவந்து, வேறு ஆட்களாகத் திரும்பி வருவார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது அக்காவின் பங்கு.

இந்த வருஷம் அப்படி இல்லை என்று முடிவு செய்திருந்தார். அடுத்த வருஷம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடுகிறது. அதன்பிறகு அனுமதி கிடைக்காது, தொழில் மருமகள் கைக்குப் போகிறது. அதனால்தான் செங்கல். அதனால்தான் படிக்கட்டில் இந்த வருஷம் அத்தனை கறார். "ஒரே ஒருத்தர்கூட உட்காரக் கூடாதுண்ணே. எல்லாரும் நடந்தா நானும் நடப்பேன். இவ்வளவுதான் என் கணக்கு."

கடைசி இரண்டு இடம் பாக்கி இருந்த ஞாயிறன்று நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். தனக்கும் கணவருக்கும் இடம் கேட்டுக் கீழிருந்து ஒரு பெண்மணி ஃபோன் செய்தார். பேசிக்கொண்டே ஏறினார். மருமகளைப் பற்றி ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே வந்தவர், மேலே வந்தும் நிறுத்தவில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது. "வீட்டுக்காரர் எங்கம்மா?"

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே இருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்தார். "பழுதுன்னு போர்டு இருந்துச்சு. நான் லிஃப்ட் மெக்கானிக்தான், திறந்து பாத்தேன். ஒண்ணும் இல்லம்மா, நல்லா ஓடுது. எவனோ வேலை தெரியாதவன் எழுதி மாட்டியிருக்கான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுதி மாட்டிய அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்ப நன்றிங்க. ஒரு உதவி, கீழ போய் நடந்து வாங்க" என்றார்.

அவர் இறங்கிப்போய் ஏறினார். அக்கா படிக்கட்டின் தலைமாட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மனிதர் ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டே வந்தார். மூச்சு கல்லு மாதிரி உறுதி. ஆனால் காலடி வேறு கதை சொன்னது. எனக்கே கேட்டது: ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகுதான் அடுத்த படி.

"முட்டியா?"

"லிஃப்ட் குழியில விழுந்ததும்மா. அது ஆச்சு ரொம்ப வருஷம்."

"ஊரையெல்லாம் மேல தூக்கி விட்டவரு" என்றார் மனைவி, "வீட்டு வாசப்படிக்குக் கை கேக்குறாரு."

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நீங்க தாராளமா வரலாம். இவருக்கு முடியாது."

"அப்ப நானும் வரல."

"ஏன், நீ போயிட்டு வாயேன்" என்றார் மெக்கானிக். "எனக்குச் சமைச்சுக்கத் தெரியாதா?"

"வெந்நீர் வைக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றவர், அக்காவிடம் திரும்பினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து ரெண்டு பேருக்கும் ஒரே ஆசைங்க. எனக்கு அந்த மலையைச் சுத்தி நடக்கணும். இவருக்கு நடக்கவெல்லாம் வேணாம், பாத்தா போதும்."

"ஆமாம்மா. கீழ உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். மேல போறதுக்கு அங்க லிஃப்ட்டா வெச்சிருக்கான்?" என்று அவரே சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. "அங்க இவரைத் தனியா விட்டுட்டு என் கால் எப்படி நடக்கும்? கூட யாருங்க இருப்பாங்க?"

கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் நின்றது. "அத்தை" என்றாள் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மனதில் பட்டதைப் பேசித்தான் பழக்கம். "இந்த ரெண்டு இடத்துக்கு ஆளா இல்ல, தங்கச்சி? அடுத்த ஞாயிறு வரைக்கும் பாரேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தையும் பார்க்கவில்லை. மெக்கானிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி வந்த வலியில் அவர் நாற்காலி நுனியில் சரிந்து, ஒரு காலை நீட்டி, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மேசைக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் பையை அக்கா இழுத்தார். கம்பளித் துணியைப் பிரித்து ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தார். காலியான பை தரையில் மடங்கி விழுந்தது. நாற்காலிக்கு எதிரே கற்களைப் படுக்கை வாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். இத்தனை வருஷம் அடுக்கியவன் சொல்கிறேன், மட்டம் பிசகவில்லை. மேலே அந்தத் துணியை நான்காக மடித்துப் போட்டு, ஆடுகிறதா என்று உள்ளங்கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் காலை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தார்.