கலைவாணியைத் தூக்குவது யார்?

எங்கள் ஊரில் கல்யாணப் பெண் பந்தலுக்கு நடந்து போகக் கூடாது. நலங்கு முடிந்து கூறைப்புடவை கட்டியதும், தாய்மாமன் அவளை இரண்டு கையாலும் ஏந்தி, வீட்டு வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் பந்தல்வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதுவரை அவள் கால் தரையில் படக் கூடாது. பட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அவள் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஊர் அதைப் பேசும். கீழே ஒடுகத்தூரில் இதையே கார் கதவிலிருந்து மண்டபத்துப் படிவரை போட்டோவுக்காகச் செய்கிறார்கள். இங்கே மலையில் நிஜமாகவே தூக்க வேண்டும். கோயிலுக்குப் போகிற வழி ஏற்றம் வேறு.

என் வீட்டுக்காரர் அர்ச்சுனனுக்கு ஒரே தங்கை, தேவி. தேவிக்கு ஒரே மகள், கலைவாணி. ஆக, தூக்க வேண்டியவர் இவர்தான். இவருக்கு ஐம்பத்தாறு வயது, இடுப்பில் பழைய பிடிப்பு. கலைவாணிக்கு இருபத்தைந்து வயது, எடை எண்பத்து நான்கு கிலோ. அவள் பளுதூக்கும் வீராங்கனை. ஊர் வாய்க்கு இதைவிட நல்ல அவல் கிடைக்குமா?

அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலேயே தோள் அகலம், கை கால் திடம். புளி உலுக்கும் காலத்தில் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, இவள் தன் மூட்டையோடு பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கியிருப்பாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் மலையில் அப்படிப்பட்ட பெண்ணுக்குத்தான் மதிப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்றே எனக்குச் சந்தேகம். சாமை மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட ஆள் தேடாமல் நானே ஏற்றிக்கொண்டதைப் பார்த்தார்கள், அன்றைக்கே பரியம் பேசி முடித்துவிட்டார்கள். அப்புறம் ரோடு வந்தது, டிவி வந்தது, முகத்தில் பூசும் கிரீம் வந்தது. பெண் என்றால் ஒடிந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிற நினைப்பும் அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏறி வந்துவிட்டது. கலைவாணி வளர்ந்தது அந்தக் காலத்தில். உடம்பு மலையுடையது, காலம் கீழ்நாட்டுடையது. என்ன செய்வாள், பாவம்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'அண்ணே' என்று கூப்பிட்டார்கள். வேலூரில் காலேஜில் சேர்ந்த பிறகு விடுதியில் பாதிச் சோறு தின்று இளைக்கப் பார்த்தாள். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். பஸ் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தவள், "அத்த, நான் கொஞ்சம் சின்னதா பொறந்திருக்கலாம்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

படிப்பை முடித்துவிட்டு ஒடுகத்தூரில் ஒரு ஜிம்மில் பேர் எழுதவும் பெருக்கித் துடைக்கவும் வேலைக்குப் போனாள். நடத்துபவர் சனாவுல்லா, வாணியம்பாடிக்காரர், அந்தக் காலத்தில் பளுதூக்கியவர். பையன்கள் தூக்கிவிட்டு அங்கங்கே போட்டுவிட்டுப் போகிற இரும்புத் தட்டுகளை எடுத்து அடுக்குவதும் இவள் வேலை. ஒரு கைக்கு ஒன்றாக, யாரிடமோ பேசிக்கொண்டே இவள் எடுத்துப் போவதைச் சனாவுல்லா சில நாள் பார்த்திருக்கிறார். "ஏம்மா, நீ அடுக்கறத அந்தப் பசங்க தூக்கவே ரெண்டு பேர் வர்றானுங்க. நீயே தூக்கிப் பாரேன்" என்றாராம். தூக்கினாள். அன்று மாலை என்னிடம் வந்து, "அத்த, அந்த எடத்துல மட்டும் யாருமே என்ன சின்னதா இருன்னு சொல்லல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்தில் மாவட்டத்தில் ஜெயித்தாள். மத்தியான நேரத்தில் பெண்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தாள். சனாவுல்லாவின் மகள் புஷ்ராவும் வருவாள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவளும் வருவாள். மாநிலப் போட்டிக்குப் பேர் கொடுத்தாள். அந்த நேரத்தில்தான் நவீன்குமார் வந்து பெண் கேட்டான். மலையிலிருந்து பலாப்பழமும் புளியும் ஏற்றிச் செங்கம் சந்தைக்குப் போகிற மினி லாரி அவனுடையது. நல்ல பையன். அவளைப் பார்த்துப் பயப்படாதவன், அதைவிட முக்கியம், அவளைப் பார்த்துச் சிரிக்காதவன். கலைவாணிக்கும் அவனைப் பிடித்திருந்தது. வைகாசியில் கல்யாணம், ஆனியில் போட்டி என்று ஆனது.

உறுதி செய்ய வந்த அன்று அவனுடைய அம்மா மங்கம்மாள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். புருஷன் போன பிறகு தனியாகச் சாமை விதைத்துப் பிள்ளையை ஆளாக்கியவர், அதிகம் பேச மாட்டார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் எளைச்சா தேவல. தாய்மாமன் தூக்கறத ஊரே பாக்கும். தடுமாறி கால் கீழ பட்டுட்டா, அப்பால அவளத்தான் பேசுவாங்க. எம்மருமகள அப்படிப் பேச வுடக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

தேவி மறுநாளே மகளுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டாள். காலையில் வெந்நீர், ராத்திரி ஒரு சப்பாத்தி. கலைவாணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஊருக்குப் பயப்படாதவள், அம்மா கண்ணைத் துடைத்தால் அடங்கிவிடுவாள். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை எடை போட்டு, கால் கிலோ ஏறியிருந்தால் அவர்கள் அம்மாவைவிட நான் சந்தோஷப்படுகிறவள். அங்கே ஒருநாள் வந்து எடை மெஷினில் ஏறி நின்றாள். ஆறு கிலோ குறைந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"நேத்து நான் எப்பவும் தூக்கறத வெச்சேன் அத்த. தரைய வுட்டே வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கைகள் அவள் மடியில் யாருடையதோ மாதிரிக் கிடந்தன.

சாப்பாட்டு வேளையில் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். இந்த மனுஷனிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவர் அடிக்கடி ஒடுகத்தூருக்கு இறங்கிப் போக ஆரம்பித்தார். கேட்டால் மோட்டாருக்குச் சாமான் வாங்க என்பார். வரும்போது சாமான் இருக்காது, நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கும், உடம்பெல்லாம் தைல வாசனை. சாராய நாற்றத்தை மறைக்கத் தைலம் பூசிக்கொள்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒருநாள் அடுத்த பஸ்ஸில் நானும் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் விசாரித்தால் அவள் சிரித்துக்கொண்டே ஜிம் பக்கம் கை காட்டினாள்.

உள்ளே பெண்களின் நேரம். புஷ்ராவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் என் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணல் நிரப்பிய ஒரு சாக்கு மூட்டையைத் தோளுக்கு ஏற்றப் போனார். எதிரே கலைவாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, தோளுக்குப் போவாதீங்க. இன்னா சொன்னேன் நானு? முன்னால, நெஞ்சோட."

"வாழ்நாள் பூரா தோள்ல போட்டவன்மா. கை தானா அங்க போவுது."

"என்ன மூட்ட மாதிரி தோள்ல போட்டுட்டுப் போனீங்கன்னா நான் பந்தல்லருந்து எறங்கி ஓடிப்போய்டுவேன். குந்துங்க. முதுகு நேரா. காலால எழுந்திருங்க."

அவர் எழுந்தார். மூட்டை நெஞ்சோடு வந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"இடுப்பு போச்சுன்னா யாரு பாக்கறது? இன்னாங்க இது, இந்த வயசுல?" என்று கேட்டேன்.

"முன்ன மாதிரி இடுப்பு வலிக்கல. பாய்கிட்ட கேட்டுத்தான் செய்றேன்" என்றார். மூச்சு வாங்கியது. "பொண்ணு கனமா கீதுன்னு பொண்ணக் கொறைக்கிறது இன்னா நாயம்? தூக்கறவன் நானு. ஏற வேண்டியது என் கைதானே. அவள எளைக்க வாணாம்னு சொல்லிட்டேன்."

முப்பது வருஷமாக அந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன். அன்றைக்குப் போல அவரை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேவியைப் பிடித்து நான் பேசிய பேச்சில், அன்று ராத்திரியே கலைவாணிக்குக் கேழ்வரகுக் களியும் கறிக்குழம்பும் விழுந்தது.

கல்யாணத்தன்று கலைவாணியின் எடை பழையபடி எண்பத்து நான்கு. ஊர் முழுக்க வழியின் இரண்டு பக்கமும் நின்றது, கோயில் விசேஷத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. இவர் குந்தினார், முதுகை நேராக வைத்தார், தூக்கினார். வாசலில் குலவைச் சத்தம். நடந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், ஏற்றத்திலும் ஏறினார். கை நடுங்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் அத்தனை நாளும் அவர் தூக்கிப் பழகியது சாக்கு மூட்டை. சாக்கு சொரசொரவென்று கையோடு ஒட்டும். போதாததற்குக் கலைவாணியைத் தூக்கிப் பார்த்தபோதெல்லாம் அவள் டிராக் பேண்டில்தான் இருந்தாள். புதுப் பட்டுப்புடவை வழுக்கும் என்று மாமனுக்கும் தோன்றவில்லை, மாநிலப் போட்டிக்குப் போகிற மருமகளுக்கும் தோன்றவில்லை. பாதி ஏற்றத்தில் பட்டு வழுக்க ஆரம்பித்தது. அவர் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அவள் நழுவினாள். கால் கீழே கீழே போனது. கலைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

பந்தலிலிருந்து மங்கம்மாள் இறங்கி வந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினார், குனிந்தார், கலைவாணியின் தொடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரே எக்கில் மேலே தூக்கினார். அறுபதை நெருங்கும் பெண்பிள்ளையின் முன்கை நரம்பு புடைத்து நின்றதை அன்றுதான் ஊர் பார்த்தது.

"நீங்க தலப்பக்கம் புடிங்கண்ணே. நான் கால்பக்கம் வர்றேன்" என்றார்.

ஊர்ப் பெரியவர் பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமினார். "தாய்மாமன்தாம்மா தூக்கணும். மாமியாக்காரி தூக்கற வழக்கம் இல்லியே."

"கால் தரையில பட்டுச்சா?"

"படல."

"அப்ப வழிய வுடுங்க."

இருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தலில் மணையில் உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், மங்கம்மாளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. மங்கம்மாள் தன் மருமகளின் தோளில் கை வைத்தார்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்டல அத்த. தாலி ஏறுற வரைக்கும் சாப்டக் கூடாதுன்னு…"

மங்கம்மாள் தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தில் ஒன்றை எடுத்தார். ஐயர் பார்க்க, ஊர் பார்க்க, நிதானமாகத் தோலை உரித்து அவள் வாயருகே நீட்டினார்.

"துன்னு" என்றார். "வர்ற மாசம் போட்டி கீது."