பீரோவில் கேட்ட பேஸ்

மேல்வீட்டில் யாரோ ராக் பாட்டு வைத்திருக்கிறார்கள். பாடுகிறவரின் குரல் எனக்குக் கேட்கவில்லை. பேஸ் கிதார் மட்டும் சுவர் வழியாக இறங்கி வருகிறது.

எழுபதுகளில், மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில், என் அண்ணன் பேஸ் வாசித்தான். வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கிதாரின் தலையை மர பீரோவில் அழுத்திக்கொண்டு வாசிப்பான். பீரோ முனகும், உள்ளே அம்மாவின் வளையல்கள் அதிரும். நான் பீரோ கதவில் காதை வைத்திருப்பேன். நாலே சுரம் வாசித்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பான். அந்த இடைவெளிதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

சர்ச் ஹாலில் அவன் இசைக்குழு முதல்முறையாக வாசித்தது. திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "எல்லாரும் வாசிச்சாங்க. நீ சும்மா நின்னுட்டிருந்தே, அஷ்டே, அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். "உனக்குமா கேக்கல, பாப்பா?"

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்திருந்தது. ஆனாலும், "கேக்கலண்ணா," என்று நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பீரோ முனகவே இல்லை.

அண்ணன் போய்ப் பல வருஷமாகிறது. பீரோ என்னிடம்தான் இருக்கிறது. மேலே பாட்டு நின்றதும் எழுந்துபோய் அதன் கதவில் காதை வைத்தேன்.

"கேட்டுச்சுண்ணா," என்றேன்.