எதிர்ப் பக்கம் இல்லாத பாட்டு

திருகாணி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வளைந்த சட்டத்தை நிமிர்த்துவது, உடைந்த காலை மாற்றுவது, கடுகை விடச் சின்னதாகத் தரையில் உருண்டோடும் திருகாணியைக் கண்டுபிடித்து அதன் இடத்தில் முடுக்குவது என்று நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கதவின் கைப்பிடி ஆடினால் முடுக்குவாள், நாற்காலி ஆடினால் முடுக்குவாள். அந்தப் பேரை வைத்தது அவளுடைய நாத்தனார். "இவ கண்ணுல நான் பட்டாலும் என்னையும் ஒரு சுத்து முடுக்கிடுவா" என்று சொல்லி வைத்த பேர், தெரு வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவன், கணவனின் அக்காவான அந்த நாத்தனார். கணவன் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினான். நாத்தனார் ஒரு பெரிய ஹோட்டலில் துணி இஸ்திரி போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "எனக்குச் சமமாச் சண்டை போட ஆள் கிடைக்கல" என்பாள். அது பொய்யும் இல்லை. கேஸ் அடுப்பில் தொடங்கி ஜன்னல் திரை வரைக்கும் அவளுக்கும் திருகாணிக்கும் தினம் ஒரு வாய்த்தகராறு உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட கணவன், வண்டிக்கு டயர் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுவான்.

வீடு மாறுகிறவர்கள் கடைசி நேரத்தில் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். "இது வேண்டாம்ப்பா, நீயே எடுத்துக்கோ" என்று அவன் கையில் திணிப்பார்கள். பூந்தொட்டி, ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம் என்று வந்துகொண்டிருந்த வீட்டுக்கு, ஒரு மழைநாள் சாயங்காலம் அந்த வாத்தியம் வந்தது. முற்றிய பேரிக்காயை நெடுக்காக இரண்டாக வெட்டியது மாதிரி ஒரு குடம். மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி ஒட்டிச் செய்தது. முன்பக்கத்தில் துளைக்குப் பதிலாகக் கோலம் போட்டது மாதிரி ஒரு செதுக்கல். கழுத்தோ, யாரோ ஒடித்துவிட்டார்களோ என்று பயப்படும்படி தலைப்பக்கம் சட்டென்று பின்னால் மடங்கியிருந்தது. தந்தி ஒன்றுகூட இல்லை.

"சுவர்ல மாட்டலாம்" என்றான் கணவன்.

திருகாணியின் கை அதற்குள் தலைப்பக்கத்தில் தந்தி சுற்றும் பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி இறுகிக் கிடந்தன, பாதி வழுக்கின.

அது என்ன வாத்தியம் என்று கடை முதலாளிதான் சொன்னார். எங்கேயோ ஓவியத்தில் பார்த்திருக்கிறாராம். லூட்.

"பேரே லூட்டா?" என்றாள் நாத்தனார். "இந்த வீட்டுல அடிக்கிற லூட்டி போதாதா?"

வழுக்குகிற பிரடைக்குச் சுண்ணக்கட்டி, இறுகினதுக்குத் துணி சோப்பு. அதை அவளே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். தந்திக்குத்தான் வழி தெரியவில்லை. வாத்தியக் கடைகளில் கேட்டால் கிட்டாருக்கு இருக்கிறது, வயலினுக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் கையை விரித்தார்கள். கடைசியில் அவள் போய் நின்றது தூண்டில் கடையில்.

"எந்த மீனுக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மீனுக்கு இல்லைங்க. பாட்டுக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கடல்லயா, ஆத்துலயா?"

நைலான் நரம்பை எல்லாக் கனத்திலும் ஒவ்வொரு சுருள் வாங்கி வந்தாள். இந்த வாத்தியத்தில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும், மிக மெல்லியது மட்டும் ஒற்றை. அந்த ஒற்றைத் தந்தியை அவள் ஏற்றிக்கொண்டே போனாள், ஏற்றிக்கொண்டே போனாள், அது பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. மறுநாள் கடையில் முதலாளி கேட்டதற்குப் பூனை பிறாண்டியது என்றாள். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

கனத்த தந்திகளோ வேறு தொல்லை. தட்டினால் தலையணையைத் தட்டின மாதிரி தொப்பென்று சத்தம். முறுக்கினால் வளைந்து கொடுக்கும், வளைந்தால் பேசும் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு மெல்லிய நரம்புகளைச் சேர்த்து ஒரு நுனியைக் கதவுக் கொண்டியில் கட்டி, மறு நுனியைக் கணவனுடைய கை டிரில்லில் மாட்டினாள். நடைவழியின் அந்தக் கோடியில் அவன் நின்று சுற்ற, இந்தக் கோடியில் அவள் நரம்பைத் தடவி ஒழுங்கு பண்ண, அந்த நேரம் பார்த்து மடித்த துணிக் கூடையோடு வந்த நாத்தனார் கீழே குனிந்து போகவேண்டி வந்தது.

"என் வீட்டுலயே நான் தவழ்ந்து போகணுமா?"

"ஒரு நிமிஷம்க்கா, அசையாதீங்க. நரம்பு மேல பட்டா கோணிடும்."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, குந்தின நிலையில் அப்படியே இருந்தாள் நாத்தனார். வாத்தியத்தில் ஏற்றிக் கட்டியதும் அந்தத் தந்தி பேசியது. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த குரல். கணவன் அதைத் திரும்பத் திரும்ப மீட்டச் சொன்னான்.

கழுத்தில் விரல் வைக்கும் இடங்களைக் காட்ட மெட்டுகள் வேண்டும். வீணையில் அது பித்தளை. இதில் நரம்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, நுனியை நெருப்பில் காட்டி மொட்டாக்க வேண்டும். கண்ணாடிக் கடை வேலை செய்த விரல்களுக்கு அது கஷ்டமே இல்லை. மெட்டுக் கட்டியாயிற்று, மெட்டுத்தான் இல்லை. வாசிக்க ஒன்றும் தெரியாதே! வானொலியில் கேட்டதை எல்லாம் வாசித்துப் பார்த்தாள். எல்லாம் அந்த வாத்தியத்துக்கு அடுத்தவன் சட்டையைப் போட்டது மாதிரி இருந்தது.

நூலகத்தில் தேடினாள். இசைப் பகுதியின் அடித்தட்டில், அட்டை தொங்கின ஒரு பழைய தொகுப்பில், லூட்டின் படம் போட்ட பக்கங்கள் கிடைத்தன. ஆனால் சுரங்களே இல்லை. ஆறு கோடுகள், கோடுகளின் மேல் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள், அங்கங்கே சின்னக் கொடிகள். நகல் எடுத்து வந்து கடையில் சாப்பாட்டு நேரத்தில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கண் பரிசோதனைக்குப் புது அட்டையா? இதைப் படிக்கிறவனுக்குக் கண்ணாடியே வேணாம், தாராளமா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் மறுபடி கோடுகளைப் பார்த்தாள். ஆறு கோடு. தன் வாத்தியத்தில் மெல்லியதையும் சேர்த்து ஆறு வரிசைத் தந்தி. ஏ என்ற எழுத்துத்தான் அதிகம் வருகிறது. அப்படியானால் அது விரலே வைக்காத வெறும் தந்தி. பி முதல் மெட்டு, சி இரண்டாவது. இவ்வளவுதான். எந்தச் சுரம் என்று அந்தக் காகிதம் சொல்லவே இல்லை, விரலை எங்கே வைப்பது என்று மட்டும் சொன்னது. சாப்பாட்டு டப்பாவை மூடக்கூட மறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் விரல்களில் இருந்து, அந்த வீட்டில் யாருமே கேட்டிராத ஒரு பாட்டு வந்தது. தட்டுத் தடுமாறித்தான். பூட்ஸைக் கழற்ற வந்த கணவன் ஒரு கால் பூட்ஸோடு நிலைப்படியில் நின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அவற்றில் ஒன்று மட்டும் அவளை விடவில்லை. மெதுவான பாட்டு. நாலைந்து அடிதான், அதுவே சுற்றிச் சுற்றி வரும். அதைச் சாயங்காலம்தோறும் வாசித்தாள். பல மாதம் பொறுத்துப் பார்த்த நாத்தனார் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏன் திருகாணி, இந்தப் பாட்டு யாரோ பேசிட்டு பதிலுக்குக் காத்துட்டு இருக்கிற மாதிரியே இருக்கு. எதிராளி இல்லாம சண்டை போடற மாதிரி."

"பாட்டுல என்னக்கா எதிராளி?"

"சண்டை விஷயத்துல எனக்குச் சொல்லித் தராத. இது பாதிதான். மீதி எங்கயோ இருக்கு."

திருகாணிக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த விடுமுறை நாளில் நூலகத்துக்கு ஓடினாள். பக்கத்தின் தலைப்பில் பொடி எழுத்தில் இருந்தது: இரண்டு லூட்டுகளுக்கு. எதிர்ப் பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் தையலோரமாகக் கிழிந்த விளிம்பு. எவனோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். அவள் கையில் இருந்தது ஒரு லூட்டுக்கான கீழ்ப் பாட்டு. மற்றதற்கான மேல் பாட்டு இல்லை.

அந்த மீதியைத் தேடியதில் வருஷங்கள் ஓடின. கணவன், சாமான் ஏற்றப் போன வீடுகளில் பியானோ கண்ணில் பட்டால் போதும், "உங்ககிட்ட லூட்டுக்குப் பாட்டு இருக்கா?" என்று கேட்டுவிடுவான். ஒருவர் சினிமாப் பாட்டுப் புத்தகம் கொடுத்தார். ஒரு டீச்சர் புல்லாங்குழல் பாடம் ஒரு பை நிறையக் கொடுத்தார். எல்லாவற்றையும் வெற்றி வீரன் மாதிரி கொண்டுவந்து வைப்பான். அவளும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வாள்.

கடைசியில் கண்டுபிடித்தது நாத்தனார்தான். ஹோட்டலில் ஓர் இசைக்குழு வந்து தங்கியது. இஸ்திரிக்கு வந்த வெள்ளைச் சட்டையை ஓர் அறைக்குக் கொண்டுபோனவள், கட்டிலின் மேல் பேரிக்காய் வடிவத்தில் ஒரு பெட்டியைப் பார்த்தாள். பனியனோடு கதவைத் திறந்த தாடிக்காரர் சட்டைக்குக் கை நீட்டினார். நாத்தனார் சட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சட்டை தரேன். முதல்ல இது என்ன பாட்டுன்னு சொல்லுங்க."

வெளி நடையில், மற்ற அறைக்காரர்கள் பார்க்க, டொம் டொம் என்று கீழ்ப் பாட்டை முழுசாகப் பாடினாள். அவள் பாடி யாரும் கேட்டதில்லை. தாடிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கதவு நிலையில் விரலால் தாளம் போட்டபடி அதன் மேல் இன்னொரு பாட்டை முணுமுணுத்தார். இரண்டும் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்தின. நாத்தனார் சட்டையைக் கொடுக்கவே மறந்து நின்றாளாம். இதை அவள் சொன்னது ரொம்ப நாள் கழித்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் வழக்கத்துக்கு விரோதமாக வாய் திறக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான், "நாளைக்குக் காலைல ஒருத்தர் வருவார், கூடத்தைப் பெருக்கி வை" என்றாள்.

அவர் ரயிலுக்குப் போகிற வழியில் பெட்டியும் கையுமாக வந்தார். திருகாணியின் வாத்தியத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறுக்கின தந்தியை ஒருமுறை மீட்டி, "இது எங்க வாங்கினீங்க?" என்றார்.

"கதவுக் கொண்டில" என்றான் கணவன்.

அவளுடைய சுருதி கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவர் தன்னுடையதை அதற்கு இறக்கிக்கொண்டார். வாசிக்கத் தொடங்கினார்கள். அவர் விரல்கள் ஓடின ஓட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்கம்மா" என்றார் அவர். "நீங்கதான் தரை. நான் மேல நடக்கிறவன். தரை நின்னா நான் எங்க போவேன்?"

மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. தான் இத்தனை வருஷம் வாசித்த அதே நாலைந்து அடிதான். ஆனால் அதன் மேல் ஒருவர் வந்து நடக்க, ஒவ்வொரு அடிக்கும் ஓர் அர்த்தம் வந்தது. இங்கே ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது, அங்கே ஏன் சட்டென்று இறங்குகிறது என்பதெல்லாம் விளங்கியது. முடிந்ததும் நாத்தனார் சமையலறைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

மேல் பாட்டைக் கச்சேரி அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, கணவனின் சாமான் வண்டியிலேயே ஏறி அவர் ரயிலடிக்குப் போனார். அதற்கப்புறம் அவரை அவர்கள் பார்க்கவில்லை.

மேல் பாட்டையும் திருகாணி கற்றுக்கொண்டாள். ஆனால் அதை வாசித்தால் கீழே தரை இல்லையே. "கீழ்ப் பாட்டை நான் பார்த்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு" என்றாள் நாத்தனார். சாயங்காலங்களில் இவள் வாசிக்க, அவள் இஸ்திரி போட்டபடி டொம் டொம் என்று பாடுவாள். பிசகினால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சண்டை பாட்டை விட நீளமாகப் போகும். கணவன் மட்டும் அதற்குப் பிறகு டயர் பார்க்கப் போனதில்லை.

அவன் முதலில் போனான். வண்டியை விற்ற மறு வருஷம். பிறகு நாத்தனாரும் போய்ச் சேர்ந்து இப்போது நாளாகிவிட்டது. திருகாணியும் கடை வேலையை விட்டுவிட்டாள். தந்தி கட்டும்போது பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. காலையில் கூடத்தில் வெயில் விழும் நேரத்தில் வாசிக்க உட்கார்ந்தால், அவளுக்கு ரயிலுக்குப் போன தாடிக்காரர் ஞாபகம் வருவதில்லை. நாத்தனாரின் கடைசி நாட்கள்தான் வருகின்றன.

அப்போது நாத்தனாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பாடவும் முடியாது. அப்படியும் வாத்தியத்தைக் கையில் எடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவாள். ஆயுள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைக் குடத்தின் முதுகில் வைத்துக்கொள்வாள். மரம் அதிர்வது அவள் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, குடத்தின் மேலேயே விரலால் தாளம் போடுவாள்.

ஒருநாள் அப்படி வைத்திருந்த கையை எடுக்காமல், கண்ணைத் திறந்து கேட்டாள்:

"ஏன், இன்னைக்கு இவ்வளவு வேகமா வாசிக்கிற? எங்கயாவது போகணுமா?"

திருகாணி அவளுக்குத் தெரியும்படி தலையை ஆட்டினாள். இல்லை.

"அப்ப மெதுவா வாசி" என்றாள் நாத்தனார்.